படிவத்தின் ஏழாவது கேள்வி

ஸ்கானுக்கு யாழ்ப்பாணம் அனுப்ப முதல்
கிளிநொச்சியில் நிரப்புகிற படிவம்.
ஏழாவது கேள்வி:
உடம்பில் எங்காவது உலோகம் உண்டா?

மூக்குத்தி, தோடு, தாலிக்கொடி
எல்லாம் இவரின் கைலேஞ்சி முடிச்சில்.
கொண்டை ஊசி இரண்டையும்
பிடுங்கிக் கொடுத்தாயிற்று.
"வேற?" என்றாள் தாதி.

வேறு இருந்தது.
இடப்பக்கம், கடைசி விலாவுக்குக் கீழே
ஒரு சோளமணி அளவில்.
"எடுக்கத் தேவையில்லை, இருக்கட்டும்" என்று
தறப்பாள் ஆசுபத்திரியில்
பெயர் கேட்காமல் போன ஒரு டொக்டர் சொன்னது.
பதினைந்து வருசமாய் இருக்கிறது.
மழைக்கு முதல்நாள் மட்டும் வாய் திறக்கும்.

'ஆம்' என்பதை வட்டமிட்டேன்.
தாதி நிமிர்ந்தாள்.
"எவடத்தில?"
உடம்பையா ஊரையா கேட்கிறாள் என்று
விளங்கவில்லை.
இரண்டையும் சொன்னேன்.

காந்தப் பெட்டிக்குள் என்னை விடமாட்டார்களாம்.
வேறு ஸ்கான், வேறு கிழமை,
வேறு பஸ்.
பின்சீற்றில் ஒருக்களித்துக் கிடந்தேன்,
இடுப்பில் தொடங்கிப் பெருவிரல்வரை
கரண்ட் கம்பி ஒன்று
எரிந்துகொண்டே வந்தது.

கொலர் தைத்த எட்டு வருசமும் குனிந்துதான்.
அதற்கு முதல், முகாமில்
தண்ணிக் கான் தூக்கிய காலம்.
அப்போதெல்லாம் பேசாமல் இருந்த முதுகு
ஒரு சவர்க்காரக் கட்டியை எடுக்கக் குனிந்தபோது
கணக்கைக் கேட்டது.

டொக்டர் அருளப்பு படத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.
"நாலாம் எலும்புக்கும் அஞ்சாம் எலும்புக்கும் இடையில.
ஜாம் பணிஸை ஒரு பக்கம் அமத்தினா
மற்றப் பக்கத்தால பிதுங்குமே, அதுதான்."
சிரித்துவிட்டேன்.
சிரித்ததும் காலுக்குள் இறங்கியது.
"பிதுங்கினதை எடுத்துப்போட்டு
ரெண்டு எலும்பையும் ஒண்டாக்குவம்.
நாலு ஆணி, ரெண்டு கம்பி.
பிறகு அந்த இடம் வளையாது."

மாதிரிக்கு ஒரு ஆணியைக் கையில் தந்தார்.
மரை போட்டது, சாம்பல் நிறம்.
பாரமே இல்லை.
லாண்ட்மாஸ்ரரின் பெட்டி
அதற்குத்தான் விலைப்பட்டது.

"அந்தப் பழசையும் இதோட எடுக்கேலாதோ?"
"அது வேற இடம், அம்மா.
தொட்டால் வேற கதையாப் போகும்."

ஆணிக்காக மூன்று தாளில் ஒப்பம் கேட்டார்கள்.
மூன்றிலும் முழுப்பெயர் எழுதினேன்,
முதலெழுத்தும் விடாமல்,
ஆறுதலாக.

நாலாம் நாள் எழுந்திருக்கப் பழக்கினான்
பயிற்சிக்கு வந்த பெடியன்.
"முறுகக் கூடாது. மரக்குத்தி மாதிரி
முழுசா உருளோணும்."
உருண்டேன்.
"முதல் தரத்திலயே சரியாச் செய்யிறியள்!"
ஆறு பேர் கிடந்த பங்கருக்குள்
ஒருவர் திரும்புவதென்றால்
ஆறு பேரும்தான் திரும்ப வேண்டும் என்பதை
அவனுக்குச் சொல்லவில்லை.
பிறந்திருக்க மாட்டான்,
அல்லது பிறந்து, இப்படி எங்காவது கிடந்திருப்பான்.

பரந்தன் சந்தியில் திரும்பியதிலிருந்து
ஒவ்வொரு கிடங்குக்கும்
வான்காரன் என்னிடம் மன்னிப்புக் கேட்டான்.
விசுவமடுவுக்கு வந்து சேர்ந்தபோது
எங்களுக்குள் உறவே உண்டாகியிருந்தது.

இப்போது பெல்ற் கட்டி
பலகைக் கட்டிலில் கிடக்கிறேன்.
குனியக் கூடாது. தூக்கக் கூடாது.
இவர் உலை வைக்கிறார்; சோறு குழைகிறது.
எலும்பு ஒட்ட ஆறு மாதம் என்கிறார்கள்,
காலபோகம் வெட்டி முடிந்துவிடும்.

அக்சரன் உடைந்த ஸ்பீக்கரிலிருந்து
காந்தம் கழற்றி வந்தான்.
பெல்ற்றை விலக்கி
தழும்பின்மேல் வைத்துப் பார்த்தான்.
ஒட்டவில்லை.
"பொய் ஆணி" என்றான்.
இன்னும் கொஞ்சம் நகர்த்தினான்,
இடப்பக்கமாய், மேலே.
கையைப் பிடித்துக்கொண்டேன்.

"கொடியில உடுப்புக் கிடக்குது, போய் எடு."
வெளியே போய் வானத்தைப் பார்த்துவிட்டு
அங்கிருந்தே கத்தினான்:
"வெயில் எறிக்குது, அம்மா!"

"நாளைக்கு மழை.
எடு."