எந்தக் கோணாமலை?

ஆட்டோவின் ஒலிபெருக்கி
களுதாவளை முழுக்கச் சொல்லிப் போனது:
"பிரபல கோணாமலை காலமானார்."

நான் அப்போது
ஒட்டிமீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் வந்தவர்
படலையில் என்னைக் கண்டதும்
மலர்வளையத்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.
"எந்தக் கோணாமலை கா?" என்றாள் மனைவி.
"இஞ்ச இருக்கிறது பந்து பிடிச்சவர்."

செத்தது டாக்குத்தர்.
எழுபத்தெட்டில், இறுதி ஆட்டத்தன்று
என் விரலுக்குக் கட்டுப் போட்டவர்.
துண்டில் பெயரெழுதிவிட்டுச் சிரித்தார்:
"எனக்கு நானே மருந்தெழுதுறன்."

பேச்சாளர் கோணாமலைதான் அஞ்சலி உரை.
வழக்கம்போல நீளம்.
வெயிலில் நின்று
கொப்பியில் ஒப்பமிட்டேன்.
பேனை தந்த பெடியன்
பெயரைப் பார்த்தான்,
பெட்டியைப் பார்த்தான்,
ஒன்றும் கேட்கவில்லை.

விரல் இன்னும் கொஞ்சம் வளைவுதான்.