தூசி நீக்கம்

சாக்கிநாக்கா, மூன்றாம் மாடி, இரவு ஷிஃப்ட்.
ஏசி சொட்டும் இடத்தில் ஒரு பக்கெட்.
அமெரிக்காவிலிருந்து ஸ்கேன் ஆகி வந்திருக்கிறது
ரீல் நான்கு. மௌனப்படம். தலைப்பு இல்லை.
டப்பாவின் மேல் பென்சிலில்
‘விமானம், தோப்பு’ என்று மட்டும்.
மென்பொருள் கண்டுபிடிக்கும் கறைகளைச் சரிபார்த்து நீக்குவது என் வேலை.
கறைக்கு முப்பத்தைந்து பைசா.

ஆரஞ்சுத் தோப்பின் மேல் இரட்டைச் சிறகு விமானம்.
சிறகில் கதாநாயகி நிற்கிறாள்.
பாவாடை கால்களோடு ஒட்டிப் படபடக்கிறது.
பெரிதாக்கினால்
கெண்டைக்கால் ஆணுடையது.
காற்று டோப்பாவைத் தூக்கும் கணத்தில்
ஒட்ட வெட்டிய கிராப்பு, காதின் பின்னால் பிளாஸ்திரி.
நிஜ நாயகி கீழே எங்கோ
குடை நிழலில் எலுமிச்சைச் சாறு குடித்துக்கொண்டிருப்பாள்.

ஃப்ரேம் 610இல் கை கம்பியைப் பிடித்திருந்தது.
611இல் கம்பி மட்டும்.

“வேணி, வடாபாவ் ஆறுது” என்றான் மென்டோன்சா.

பதிவைத் திறந்தேன்.
611 முதல் 651 வரை
ஃப்ரேமுக்கு ஒரு கறுப்புப் புள்ளி.
தூசி என்று முடிவு கட்டி
பக்கத்து வானத்தை வெட்டி மேலே ஒட்டியிருக்கிறது.
ஒட்டுப்போட்ட தடம் தெரியவில்லை. நல்ல வேலைதான்.

ஆனால் தூசி இங்கொன்றும் அங்கொன்றுமாக விழும்,
ஒரே வளைவில் இறங்காது.
தூசிக்குப் பாவாடை கிடையாது.

தரையிறங்கப் போகும் விமானமொன்று
ஜன்னலை நடுக்கிவிட்டுப் போயிற்று.
பக்கெட் தண்ணீரில் வட்டம்.

இப்படியே விட்டால் அவன் விழவேயில்லை.
விமானம் தோப்பைத் தாண்டும்.
கேமராவின் கைப்பிடியைச் சுற்றுகிறவன்
சுற்றிக்கொண்டே இருப்பான்.
யாரும் ஓட வேண்டியதில்லை.
திருப்பி வைத்தால்
நூறு வருஷம் கழித்து
அவனைத் தள்ளிவிட்டவள் நான்.

மொத்தமாகத் திருப்ப வழியில்லை.
ஒவ்வொன்றாக நாற்பத்தொரு க்ளிக்.
எல்லாவற்றுக்கும் இந்தி பேசுகிறவள்,
எண்ணும்போது மட்டும் எனக்குத் தமிழ் வரும்.
பத்தொன்பது. இருபது.
இருபதில் கைகளை விரித்திருந்தான்.
பயமா, பழக்கமா,
பாராசூட்டின் கயிற்றைத் தேடும் கையா,
அந்தச் சில பிக்சல்களில் தெரியாது.
நாற்பத்தொன்றுக்குப் பிறகு படமில்லை,
புளித்து வெளுத்த ஃபிலிம்.
தரை வரவேயில்லை.

விடிகாலை ஷீட்டில்
‘நீக்கியவை’ என்றொரு கட்டம் இருக்கிறது,
திருப்பி வைத்தவைக்கு இல்லை.
ஆயிரத்து நூற்று நாற்பதில் நாற்பத்தொன்றைக் கழித்து எழுதினேன்.
பதினாலு ரூபாய் முப்பத்தைந்து பைசா.
“என்ன தப்பு?” என்று கேட்டான் மென்டோன்சா.
“ஒரு ஆள்” என்றேன்.
ஆறிப்போன வடாபாவை அவன்தான் தின்றிருந்தான்.

வெளியே மெட்ரோ தூணருகில் ரிக்‌ஷாவுக்கு நிற்கையில்
காட்கோபர் பக்கம் வானத்தில் ஒரு புள்ளி.
பருந்தாகத்தான் இருக்கும்.
என்னவென்று தெரிகிற அளவுக்கு அது வளரும்வரை
பார்த்துக்கொண்டிருந்தேன்.
இரண்டு ரிக்‌ஷா போய்விட்டது.