நாற்பத்தொரு புகை

சன்னலில் பூத்த உறைபனியை
நகத்தால் சுரண்டி
காசளவு ஓட்டை போடுகிறேன்.
மார்ச் வரை அதுதான் என் அலுவலகம்.

ஒன்று, இரண்டு, மூன்று...
சாரி-தால் கிராமத்தில் நாற்பத்தொரு வீடு,
நாற்பத்தொரு புகைபோக்கி.
புகை எழுந்தால் ஆள் எழுந்தாயிற்று.
நாரின் நகரத்து டாக்டருக்கும் எங்களுக்கும் நடுவே
கணவாய் மூடிக் கிடக்கையில்
ஒரு நர்ஸ் வேறெப்படி நாடி பார்ப்பது?

புகைக்குப் பேச்சு உண்டு.
கறுத்துத் தடித்து வந்தால் கரி நனைந்திருக்கிறது,
அந்த வீட்டுப் பிள்ளை ராத்திரி இருமும்.
பிசுக்குப் போலப் புரண்டு வந்தால்
யாரோ டயரை எரிக்கிறார்கள்,
போய்ச் சண்டை போட வேண்டும்.
நூலாய், வெளிறி, நேராய் ஏறினால்
ஆட்டுச் சாண வறட்டி. நல்லது.

சட்டென்று நின்றால்தான் பயம்.
சூடு வெளியே போகக் கூடாதென்று
தணல் ஆறுமுன்னே தகட்டைத் தள்ளி
போக்கியை அடைத்துவிடுவார்கள்.
முந்தின வருஷம் தாலாய்பெக் வீட்டில்
தலைவலிக்கிறதென்று நாலு பேர் படுத்தார்கள்.
அதற்கு மேல் எழுத மாட்டேன்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் உப்புச் சோதனை.
ஆளுக்கொரு சிட்டிகை, காகிதத்தில் மடித்து.
என் புட்டியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தால்
அயோடின் உள்ள உப்பு ஊதாவாகும்.
பெர்மெத்தின் உப்பு வெள்ளையாகவே இருந்தது.
"அது எங்கள் மாட்டுக்கு வாங்கினது" என்றாள்,
கேட்காமலே, காது சிவக்க.
மறுநாள் யாருடைய உப்பையோ கொண்டுவந்தாள். ஊதா.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
சாயங்காலம் அவள் வீட்டு வாசலில்
ஒரு பொட்டலம் வைத்துவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை எண்ணினேன். நாற்பது.
கண்ணைத் துடைத்துக்கொண்டு எண்ணினேன்.
நாற்பது.
மாவு ஆலைக்கு அப்பால், காசிமாலி வீட்டின் மேல்
வானம் சுத்தமாக இருந்தது.
தினம் ஒன்று விழுங்க வேண்டிய மாத்திரையை
ஒருநாள் விட்டு விழுங்கி
மிச்சம் பிடிக்கும் மனிதர்.

புருஷனின் பூட்ஸில் ஓடினேன்.
பனி முழங்கால் வரை.
மூச்சு மூக்கிலேயே உறைந்து குத்திற்று.
தட்டினேன், தள்ளினேன்,
அடுப்பில் கை வைத்தேன்: கல்.
மெத்தைகள் மடித்து அடுக்கியிருந்தன.
செத்தவன் மெத்தை மடிப்பானா என்று
மூளை சொல்லிற்று.
முழங்கால் கேட்கவில்லை.

வெளியே வந்த பிறகுதான் கண்ணில் பட்டது
இடது காலை இழுத்து நடந்த தடம்,
வேலியைத் தாண்டி
சாதிர் வீட்டை நோக்கி.

சாதிர் வீட்டை நோக்கியா?
வாய்க்கால் முறைத் தகராறில்
பதினோரு வருஷமாய் முகம் பாராதவர்கள்!

உள்ளே கதகதப்பு. தேநீர் ஆவி.
இருவருக்கும் நடுவே சீட்டுக்கட்டு.
"கரி விற்கிற விலைக்கு
ரெண்டு அடுப்பு கட்டுமா?" என்றார் சாதிர்,
தலை நிமிராமல், என்னிடம்.
"அப்போ ராசியாகிவிட்டீர்களா?"
"இல்லை" என்றார் காசிமாலி, அவரும் என்னிடமே.
"சீட்டு ஆடுகிறோம்."

அழுவதா அடிப்பதா என்று தெரியாமல் நின்றேன்.
"உட்கார், ஜிபார்குல். உன் முகம் நன்றாயில்லை."
காசிமாலி என் பையைத் திறந்து
பட்டையை என் கையில் சுற்றி
பந்தை அழுத்தினார்.
இருபது வருஷம் பனி தள்ளும் வண்டி ஓட்டிய கை.
குழலை நான் காதில் மாட்டிக்கொண்டேன்.
சத்தம் தொடங்கியதும் "இப்போ" என்றேன்.

"நூற்று அறுபது" என்றார் காசிமாலி.
"குருடா, எழுபத்திரண்டு" என்றார் சாதிர்.
"முள் அறுபதில் நின்றது."
"அன்றைக்குத் தண்ணீர் மட்டத்தையும்
நீ இப்படித்தான் பார்த்தாய்."

காற்று இறங்கிய பட்டை
கையில் தொங்கிக் கிடந்தது.
பதினோரு வருஷப் பாக்கியையும்
அவர்கள் பேசி முடிக்கட்டும் என்று
தேநீர் ஊற்றிக்கொண்டேன்.
உப்புப் போட்ட தேநீர். எனக்கு ஆகாது.
குடித்தேன்.

இன்று காலை நாற்பது.
இனி அதுதான் சரியான கணக்கு.
ஆனாலும் மாவு ஆலைக்கு அப்பால்
விரல் ஒருமுறை நின்றுதான் நகர்கிறது.