மோட்டார் ஓடும் ஐந்து நிமிடம்

ஐஸ் பெட்டியைப் பார்த்துவிட்டு
"குல்ஃபியா அக்கா" என்று
சந்து முனைவரை ஓடிவந்த பையனுக்குத்
திறந்து காட்டினேன்.
வெள்ளைப் புட்டிகள் இருபது,
பன்னிரண்டில் ஏற்கெனவே தண்ணீர்.
"ச்சே, தண்ணியா" என்று போய்விட்டான்.

குரோம்பேட்டை.
நான் தேடுவது ஊரின் பெயரிலேயே இருக்கிறது.
பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருக்கிறது,
மின்ரயிலில் நாளெல்லாம் அறிவிக்கிறார்கள்.
பக்கத்து ஊர் நாகல்கேணி.
குரோம் இந்தப் பெயரில், கேணி அந்தப் பெயரில்.
இரண்டும் எங்கே கலக்கின்றன என்று பார்ப்பதற்குத்தான்
எனக்கு மாதச் சம்பளம்.

முதலில் வரும் தண்ணீரைப் பிடிக்கக் கூடாது.
ஐந்து நிமிடம் மோட்டாரை ஓடவிட்டு,
புட்டியை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி,
நான்காவதாய்ப் பிடிப்பதே சாட்சி.

"அஞ்சு நிமிஷமா? கரண்ட் பில்லு யாரு கட்டுவா?"
பதின்மூன்றாம் வீட்டு எத்திராஜுலு.
வீட்டை விற்கப் பேசி முடித்திருக்கிறாராம்,
கதவு எண்ணை மட்டும் எழுத வேண்டாமாம்.
எழுதினேன், நீல மையில்.

பதினான்கில் குணவதி.
மடியில் ஷூவின் மேல்தோல், ஜோடிக்கு மூன்று ரூபாய்.
ஊசியைப் புடவைத் தலைப்பில் குத்திவிட்டு எழுந்தாள்.
மோட்டார் ஓடும்வரை உட்காரச் சொன்னாள்.
பிறகு டம்ளர்.
எவர்சில்வர், வெளிப்புறம் வியர்த்திருந்தது.
"வெயில்ல வந்திருக்கீங்க."

மாதிரி எடுக்கும் இடத்தில்
எதையும் அருந்தாதீர்கள்
என்று பயிற்சி வகுப்பில் சொன்னார்கள்.
ஒரு வீட்டில் தண்ணீர் வேண்டாம் என்றால்
அதற்கு இங்கே வேறொரு அர்த்தம் உண்டு,
அதை வகுப்பில் சொல்லவில்லை.
டம்ளரை நீட்டிய கை
அந்த அர்த்தத்துக்காக அரைக்கணம் காத்திருந்தது.
அவள் என் தொண்டையையே பார்த்தாள்.

குடித்தேன்.
உப்பில்லை, துவர்ப்பில்லை.
"கேன் தண்ணி சின்னதுக்கு மட்டுந்தான்.
நமக்கெல்லாம் இதுதான்" என்றாள்.
நமக்கு.

மறுநாள் லேபில் பெட்டியைத் திறந்தால்
ஐஸ் உருகி
பதின்மூன்றின் சீட்டும் பதினான்கின் சீட்டும்
ஒரே நீலக் கரையாகிக் கிடந்தன.
பெயரில்லாத இரண்டு புட்டிகள்.

அமிலம் சில துளி, பிறகு வினைப்பொருள்.
பத்து நிமிடம்.
ஒன்று அப்படியே இருந்தது.
(இல்லை என்று எழுத எங்களுக்கு அனுமதியில்லை.
கண்டறியும் எல்லைக்குக் கீழே என்போம்.)
மற்றது முதலில் லேசாய்ச் சிவந்து
பிறகு டிசம்பர் பூவின் நிறத்துக்கு வந்தது.
சொல்லக் கூடாது, ஆனாலும் அழகு.
சரமாய்க் கட்டித் தலையில் வைத்துக்கொள்ளலாம் போல.
விஷம் கூடக் கூட இன்னும் அழகாகும்.

ஃபைரோஸ் பானு மேடம் எட்டிப் பார்த்து
"யார் வீடு?" என்றார்.

எத்திராஜுலுவுடையதாக இருக்கட்டும்
என்று வேண்டிக்கொண்டேன்.
குணவதிக்காகவா, என் தொண்டைக்காகவா,
இன்றுவரை தெரியாது.
அந்த வீட்டை வாங்கப்போகிறவர்களின் நினைப்பு
வெகுநேரம் கழித்துத்தான் வந்தது.
இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்,
அதுவும் தரைக்கு மேலேதான்.

சனிக்கிழமை மறுபடி போனேன்.
அதே பெட்டி, புதுப் புட்டிகள்,
இந்த முறை பென்சில்.
பதின்மூன்றில் பூட்டு தொங்கியது.
குணவதி ஸ்விட்சைப் போட்டாள்.
"போன தடவ சரியா வரலையா?"
நான் வாயைத் திறப்பதற்குள்
உள்ளே போய்
டம்ளரோடு வந்தாள்.

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.
ஐந்து நிமிடத்தில்
இன்னும் நான்கு மிச்சம்.