குழந்தைகள் திறக்க முடியாத மூடி

ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடியில்
மின்தூக்கி எட்டில் நிற்கும், பதினொன்றில் நிற்கும்.
கோகிலவாணி இருப்பது ஒன்பதில்.
எட்டில் இறங்கி ஒரு மாடி ஏறுவேன்
பையில் ரத்த அழுத்தக் கருவியோடும்
மடித்த மூட்டுப் படத்தோடும்,
செவ்வாய்தோறும், பத்து மணிக்கு.

மூன்று மாதம் சொல்லிக்கொடுத்தேன்.
பானையை விரலால் தூக்காதீங்க,
ரெண்டு உள்ளங்கையிலும் ஏந்துங்க.
துணியைப் பிழியாதீங்க, குழாயில் சுற்றி இழுங்க.
வலிக்கும் முன்னே உட்காருங்க, வலிச்ச பிறகு இல்ல.
புதன்கிழமை மாத்திரை புதன் மட்டும்,
மறந்து வியாழனும் போட்டா வாயெல்லாம் புண்ணாகும்.
எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.
பாயான் லெப்பாஸ் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம்
பூதக்கண்ணாடிக்குக் கீழே
முடியைவிட மெல்லிய கம்பியை ஒட்டிய விரல்கள்
மேசைமேல் கிடந்தன,
கடைக்காரர் எடைபோட்டு மறந்த இஞ்சி மாதிரி.

மனநிலைப் படிவம் மலாயில் இருக்கிறது.
தமிழாக்கம் நான்தான்.
'கடந்த இரு வாரங்களில் எதிலும் நாட்டமின்றி' என்றதும்
சிரித்துவிட்டாள்.
"என்ன மிஸி, ரேடியோ செய்தியா?"
சரி. எதையும் செய்யப் பிடிக்கலையா?
"பிடிக்குது. பிடிக்கத்தான் முடியல."

இதை எந்தக் கட்டத்தில் போடுவது?

ஒன்பதாவது கேள்விக்கு மட்டும்
என் குரல் தானே இறங்கும்.
செத்துப்போனா தேவலாம்னு தோணுதா?
"காலைல ஆறு மணிக்கா," என்றாள், "இப்பவா?"

படிவம் மணி கேட்கவில்லை.

மாதக் கடைசியில் மாத்திரை எண்ணுவேன்.
இந்த மாதம் மருந்தகம்
காகித உறையை நிறுத்திவிட்டுப் புட்டி தந்திருந்தது.
புட்டி கனத்தது. ஒன்றுகூடக் குறையவில்லை.
மறந்துட்டீங்களா?
"மூடி வரல மிஸி."
அழுத்திக்கொண்டே திருகும் மூடி,
குழந்தைகள் திறந்துவிடக் கூடாதென்று செய்தது.
எனக்கு முகம் சுட்டது.
பானை சொன்னேன், துணி சொன்னேன், இதை எப்படி விட்டேன்?
பேனாவை எடுத்து,
மருந்தகத்துக்கு: சுலபமான மூடி…
"எழுதாதீங்க," என்றாள்.

ஜன்னலில் கொடிமலை பாதி மேகத்துக்குள்.
கீழே யாரோ மோட்டாரை
உதைத்து உதைத்துப் பார்க்கிறார், கிளம்பவில்லை.
"ரெண்டு வாரத்துக்கு முன்னாடி, ஒரு ராத்திரி…
பல்லால கூடப் பாத்தேன் மிஸி.
வரல."

மூடியின் விளிம்பில் பல் தடம்.
இரண்டு செவ்வாய்க்கிழமை
அது இந்த மேசையில்தான் இருந்திருக்கிறது,
என் பேனாவுக்குப் பக்கத்தில்.

இந்த இடத்தில் சொல்ல
பயிற்சியில் ஒரு வாக்கியம் கொடுத்திருந்தார்கள்.
வரவில்லை.
கையைப் பிடித்தால் வலிக்கும்.
மணிக்கட்டைத் தாண்டி, முழங்கைக்குக் கொஞ்சம் கீழே,
வலி இன்னும் ஏறி வராத இடமாகப் பார்த்துப் பிடித்தேன்.
சொன்னீங்களே, நல்லது, என்றேன்.
அவ்வளவுதான் வந்தது.

பிறகு தொலைபேசி.
மனநலப் பிரிவு டாக்டர் ஹஸ்லினா
இன்றைக்கே அழைத்து வா என்றார்.
அவள் அழவில்லை.
"சோறு கொதிக்குது, அணைச்சிட்டு வரேன்" என்று எழுந்தாள்.
நானும் அடுப்படிவரை கூடவே போனேன்.

புட்டி இப்போது அவள் வீட்டில் இல்லை.
அந்த வாரத்து மாத்திரை மட்டும்
பழையபடி காகித உறையில், நானே கொண்டுபோவேன்.
நேரத்தையும் மாற்றிவிட்டேன்.
பத்து மணி என்பது
விரல் இளகி, தலை வாரி, பொட்டு வைத்து
எனக்காக அவள் நலமாகியிருக்கும் மணி.
இனி ஆறரை.

இன்று புதன்.
எட்டில் இறங்கி ஏறினேன். மூச்சு வாங்கியது.
கதவைத் தட்டினேன்.
உள்ளே தாழ்ப்பாள் உரசுகிறது,
நிற்கிறது,
மறுபடி உரசுகிறது.
"இருங்க மிஸி."

இருக்கேன், என்றேன்.
மெதுவா.