நிற்கும்போது ஓடுவது

நின்ற வண்டியில் இன்ஜினை ஓடவிட்டால்
அபராதம் போடுகிற ஊரில்
நின்றபடி ஓடத் தெரியாத வண்டி ஒன்றை
வைத்திருக்கிறேன்.
எண்பத்தைந்தாம் ஆண்டு நிசான் சன்னி.
விரைவுச்சாலையில் வெண்ணெய்.
புக்கிட் தீமாவில் சிவப்பு விழுந்தால் போதும்,
குளிர்சுரம் கண்டதுபோல் உதறும்,
ஒரு விக்கல்,
பிறகு அமைதி.
அந்த அமைதியைப் பின்னாலிருப்பவர்கள்
ஹாரனால் நிரப்புவார்கள்.

வாரத்தில் ஆறு நாள் இரட்டைமாடிப் பேருந்து ஓட்டுகிறேன்.
நிறுத்தத்தில் நின்றால் அதன் மூச்சே கேட்காது.
அதைப் பற்றி வீட்டில் ஒருநாளும் பேசியதில்லை.

ஏழாம் நாள்
புக்கிட் பாத்தோக் கார் நிறுத்துமிடம், நான்காம் தளம்,
பானட்டுக்குள் பாதி நான்.

முதலில் பிளக்குகள்.
நான்கும் வெளுத்திருந்தன, நோன்பிருந்த நாக்குபோல.
வெளுப்பென்றால் பெட்ரோல் போதவில்லை.
கார்புரேட்டரைக் கழற்றிச் சமையல் மேசைக்குக் கொண்டுபோனேன்.
பேரங்காடித் தள்ளுபடி விளம்பரத்தின்மேல் பரப்பி,
ஊசிக்கண்ணிலும் சிறிய ஜெட்டைத் தூக்கிப் பிடித்து
அதன் வழியே எதிர் புளோக்கைப் பார்த்தேன்.
ஒரே ஒரு சன்னல் தெரிந்தது.
அடைப்பில்லை.
மிதவையும் சரி.
கலவை ஸ்க்ரூவை உள்ளே முட்டும்வரை திருகி
ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்தேன்.
பிறகு இரண்டு. பிறகு இரண்டரை.
வேறு எவருடைய வண்டியின் காதையோ
நான் திருகிக்கொண்டிருப்பதுபோல
அது பாட்டுக்கு உதறியது.

சின் மிங்கில் இருக்கும் குவெக்குக்கு
இன்ஜின் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பினேன்.
பதில் நான்கு நொடி:
"விற்றுவிடு லா."
அதில் இரண்டு நொடி சிரிப்பு.

மூன்றாவது ஓய்வு நாளில்
முன்கண்ணாடியில் ஒரு சீட்டு:
குழந்தை தூங்குகிறது.
கையெழுத்து அழகாக இருந்ததால்
கோபப்பட முடியவில்லை.

ரொஸ்னா இரவுப் பணி முடிந்து வந்தாள்.
பக்கத்துக் கட்டம் அவளுடையது.
எழுதியவள் இவளோ என்று பயந்தேன்.
இவளுக்குக் குழந்தை இல்லை,
கெமோக் என்றொரு பூனை மட்டும்.
சாவி கையில் தொங்க, தலை சாய்த்து,
தீவிரச் சிகிச்சைப் பிரிவில் நிற்பவள்போல் நின்று
"அது மூச்சு விடுகிறதா, இழுக்கிறதா?" என்றாள்.
தெரியவில்லை.
அதுவரை நான் கேட்டதெல்லாம் பெட்ரோலை.

பூனைக்கு மருந்தூட்டும் சிரிஞ்சில்
தண்ணீர் நிரப்பிக்கொண்டு இறங்கி வந்தாள்.
ஒவ்வொரு ரப்பர் குழாயின் கழுத்திலும் ஒரு சொட்டு.
கேஸ்கட் ஓரத்தில். ஒன்றுமில்லை.
பிரேக்குக்குப் போகும் தடித்த குழாயில். ஒன்றுமில்லை.
மேனிஃபோல்டின் பின்புறம்,
என் கை நுழையாத, அவள் மணிக்கட்டு மட்டும் நுழைந்த இடத்தில்
விட்ட சொட்டு
கீழே விழவில்லை.
உள்ளே போனது.
இன்ஜின் குரல் மாறியது.

எனக்கு முந்திய யாரோ கழற்றி எறிந்த
எதற்கோ உரிய துளை அது.
எதுவும் வரவேண்டியதில்லை, எதுவும் போகவேண்டியதில்லை.
அதை மூடியிருந்த சுண்டுவிரல் நகமளவு ரப்பர்
இந்த ஊர்ச் சூட்டில் வெடித்திருந்தது.
அழைக்காமல் வந்த காற்றைக் கணக்கில் வைக்காமல்
மூன்று வாரமாகக்
கலவையைக் குற்றம் சொல்லியிருக்கிறேன்.

விரலை வைத்தேன்.
உறிஞ்சுகுழல் நுனியில் ஒட்டிக்கொள்ளும்
பப்பிள் டீ முத்துபோல
விரல் ஒட்டிக்கொண்டது.
உதறல் நின்றது.
எண்ணூறில் முள், அங்கேயே.

"அலாமாக், எடுக்காதே!"
சிரிஞ்சின் தண்டிலுள்ள ரப்பர் இதற்குப் பொருந்துமாம்,
பழையது ஒன்று வீட்டில் கிடக்கிறதாம்,
ஓடினாள்.
லிஃப்ட் தளத்துக்குத் தளம் நிற்பது கேட்கிறது.

ஓய்வு நாள்.
உலோகம் சூடாகிக்கொண்டே வருகிறது.
ஒற்றை விரலைக் கொடுத்துவிட்டு
அசையாமல் நிற்கிறேன்.
வண்டியும் நிற்கிறது,
ஓடிக்கொண்டு.
அபராதம் எழுத யாராவது இப்போது வந்தால்
கொஞ்சம் பொறுக்கச் சொல்ல வேண்டும்.
இதற்கு இப்போதுதான் வந்திருக்கிறது.