உங்க பூ

"உங்க பூ என் கீரையில பூத்திருக்கு,
வந்து பறிச்சிட்டுப் போங்க"
என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து
கௌரம்மா சொன்னபோது
பல் துலக்கிக்கொண்டிருந்தேன்.
நுரையோடு எட்டிப் பார்த்தேன்.
சிறுகீரைப் பாத்தி நடுவே ஏழெட்டு ஊதா.
நன்றாகத்தான் இருந்தது.
அதை அவரிடம் சொல்லவில்லை.

இரண்டு வருஷம் முன்பு
ஓசூர் பத்திர ஆபீசில்
டோக்கன் வாங்கிக் காத்திருந்த காலையில்
வேலியோரம் நின்ற வெடிக்காய்ச் செடியில்
நாலு காய் கிள்ளிக்
கைக்குட்டையில் முடிந்து வந்தவன் நான்தான்.
மூன்றேகால் சென்ட்.
வாங்கின அன்றே ஏதாவது நட வேண்டும் போலிருந்தது.
சம்ப் மூடியோரம் தூவினேன்.
எருகூட வைத்தேன்.

தக்காளி வரிசையில் வந்தது.
மிளகாய்க்கு அடியில், மீட்டர் பெட்டிக்குக் கீழே,
வண்டி நிறுத்தும் சிமெண்ட் விரிசலில்.
பட்டா மாற்றத்துக்கு நான் கொடுத்த மனு
இன்னும் தாலுகா ஆபீசில் கிடக்கிறது.
அது மனு எதுவும் போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை களைக்கொத்தோடு இறங்கினேன்.
தண்டு கையோடு வந்தது, கிழங்கு வரவில்லை.
மண் இளகட்டும் என்று
ஹோஸைத் திறந்துவிட்டேன்.

சட்.

சட் சட்.

காய்ந்து நின்ற காயெல்லாம்
ஈரம் பட்டதும் வாய் பிளந்து
கன்னத்தில், மூக்குக் கண்ணாடியில்,
சுவரையும் தாண்டி.
பிடுங்க வந்தவன்
தோட்டம் முழுக்க விதைத்துவிட்டு நின்றேன்.
கௌரம்மாவின் மகன் லிகித்
சுவர்மேல் உட்கார்ந்து
"இன்னொரு வாட்டி அங்கிள்" என்றான்.

இப்போது
இரண்டாம் ஷிப்ட் வாரங்களில்
பனி உலர்ந்தபின், பத்து மணிக்கு மேல்,
பச்சைக் காயாகக் கிள்ளித்
தயிர் வாளியில் போட்டு மூடுகிறேன்.
கடப்பாறை போட்டுத் தோண்டினால்
கிழங்கு, கொத்தாக,
குழந்தையின் விரல்கள் மாதிரி வருகிறது.
கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது, எரிக்கிறேன்.
பூவைத் தொடுவதில்லை.
அது மதியத்துக்குள் தானாக உதிர்ந்துவிடும்.
எனக்கும் பூவுக்கும் வழக்கு இல்லை.

போன வாரம் கம்பெனி பஸ்.
சூளகிரி தாண்டும்போது சாரல்,
என் பக்கத்து ஜன்னல் மூடாது.
சட்டைப் பையில் 'சட்' என்றது.
"போனா சார்?" என்றான் முனிராஜ்.

ஐடி கார்டில், என் முகத்தின் மேல்,
பசைபோல ஒட்டிக்கொண்டு ஆறு விதை.
நகத்தால் சுரண்டினேன்,
விரலுக்கு மாறியது.
விரலைத் துடைத்தேன்,
சீட்டுக்கு மாறியது.

இறங்கும்போது பார்த்தேன்,
முனிராஜின் பேண்டில், பின்னால், ஒன்று.
உத்தனப்பள்ளியில் அவனுக்கு
ஒன்றரை ஏக்கர் இருக்கிறது,
போர் தண்ணீர், கொத்தமல்லி, சாமந்தி.

கூப்பிட்டேன்.

கூப்பிட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.